மாட்டு ஏப்பத்து மீத்தேன்: பொடி வேலை செய்கிறது, கணக்குதான் உதைக்கிறது

2024 நவம்பர் கடைசியில் பிரிட்டனில் ஆர்லா என்ற பால் கூட்டுறவு நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. டெஸ்கோ, ஆல்டி, மோரிசன்ஸ் கடைகளோடு சேர்ந்து 30 பண்ணைகளில் மாட்டுத் தீவனத்தோடு ‘போவேர்’ என்ற பொடியைக் கலந்து கொடுத்துப் பார்க்கப் போகிறோம், இதனால் மாடுகள் ஏப்பத்தில் விடும், பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு குறையும் என்றது. சில நாட்களிலேயே ஆட்கள் பாலைக் கழுவுதொட்டியில் கொட்டி வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பில் கேட்ஸ் பாலில் ரசாயனம் கலக்கிறார் என்று ஒரு கதையும் கிளம்பியது. கேட்ஸின் முதலீட்டு நிதி பணம் போட்டது ருமின்8 என்ற வேறொரு ஆஸ்திரேலிய நிறுவனத்தில். போவேரைத் தயாரிப்பது டிஎஸ்எம்-ஃபிர்மெனிக் என்ற ஐரோப்பிய நிறுவனம். கேட்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அந்த நிறுவனமே விளக்கம் கொடுத்தும் கூச்சல் அடங்கச் சில வாரங்கள் ஆயின.

அந்தக் கூச்சலில் முக்கியமான கேள்விகள் காணாமல் போய்விட்டன. இந்தப் பொடி பாலைக் கெடுக்குமா என்பதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. மீத்தேனைக் குறைக்குமா என்பதற்கும் பதில் இருக்கிறது: குறைக்கும். மாடு வளர்ப்பவருக்கு இதனால் என்ன கிடைக்கும், எப்படி வளர்க்கப்படும் மாட்டுக்கு இது பொருந்தும் என்ற இரண்டும்தான் இன்னும் இழுபறியில் கிடக்கின்றன. உலகத்திலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. நமக்கு வேண்டியதும் அந்த இரண்டு பதில்கள்தான்.

பெருவயிற்றில் நடப்பது

மீத்தேன் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வைக்கோலையும் புல்லையும் மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ளது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்க வைத்து அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக உடைக்கின்றன. மாட்டுக்குச் சக்தி தருபவை அந்த அமிலங்கள்தான். இந்த வேலையில் ஹைட்ரஜனும் வெளிப்படுகிறது. அது வயிற்றுக்குள் தேங்கினால் நொதித்தலே மந்தமாகிவிடும். அதைத் தேங்க விடாமல் பார்த்துக்கொள்பவை ஆர்க்கியா என்ற தனி இன நுண்ணுயிர்கள். அவை ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து மீத்தேனாக்கிவிடும், மாடு அதை ஏப்பமாக வெளியே விடும். பின்பக்கமாகப் போவது மிகச் சிறு பங்கு. நூற்றில் 95 பங்கு வாய், மூக்கு வழியாகத்தான் போகிறது.

ஆக, மீத்தேன் மாட்டின் நோயும் இல்லை, கெட்டுப்போன தீவனத்தின் விளைவும் இல்லை. மனிதர் தின்ன முடியாத வைக்கோலைப் பாலாக மாற்றுகிற வேலையில் மிஞ்சும் கழிவு அது. இதை மறந்துவிட்டு மாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

அளவு என்ன? நன்றாகத் தின்று நன்றாகக் கறக்கும் ஹோல்ஸ்டீன் மாடு நாளைக்கு 400 கிராம் அளவில் மீத்தேன் விடும். ஆண்டுக்கு 145 கிலோ போல ஆகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்கு சூடேற்றும். அதன்படி ஒரு மாட்டுக்கு நாலு டன் கார்பன் டை ஆக்சைடுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. மீத்தேன் காற்றில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும் என்பதால்தான் இந்த வித்தியாசம். இன்று குறைத்தால் அதன் பலனை நம் காலத்திலேயே பார்த்துவிடலாம் என்பதால் பருவநிலை ஆய்வாளர்கள் எல்லோருக்கும் மீத்தேன் மேல் ஒரு கண்.

ஏப்பத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பலருக்கும் சந்தேகம் வரும். பண்ணைகளில் இப்போது அதிகம் பயன்படுவது கிரீன்ஃபீட் என்ற கருவி. ஒரு பெட்டி, முன்னால் மாடு தலையை நுழைக்க ஒரு கூண்டு. மாட்டின் காதில் இருக்கும் அடையாள வில்லையைப் படித்ததும் கருவி கொஞ்சம் குச்சித் தீவனத்தைக் கொட்டும். மாடு அதைத் தின்னும் நாலைந்து நிமிடமும் மின்விசிறி அதன் மூச்சுக்காற்றை உறிஞ்சிக்கொள்ள, உள்ளே இருக்கும் உணரிகள் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் கணக்கெடுக்கும். தீவனத்துக்கு ஆசைப்பட்டு மாடு ஒரு நாளில் பலமுறை தானாகவே வந்து தலையை விடும். இப்படிப் பல வாரம் சேர்த்த அளவுகளிலிருந்துதான் இத்தனை சதவீதம் குறைந்தது என்று சொல்ல முடிகிறது.

ஒன்றரை கிராம் மருந்து

போவேரில் வேலை செய்யும் பொருளின் பெயர் 3-நைட்ரோஆக்சிப்ரோபனால், சுருக்கமாக 3-என்ஓபி. மீத்தேன் உருவாகும் கடைசிப் படியில் நிக்கல் அணுவை நடுவில் கொண்ட ஒரு நொதி இருக்கிறது. வழக்கமாக அதில் வந்து அமரும் மூலக்கூறின் உருவத்தைப் போலவே 3-என்ஓபியின் உருவமும் இருப்பதால், இது அந்த இடத்தில் போய் உட்கார்ந்து நிக்கலின் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. நொதி படுத்துவிடுகிறது. டிஎஸ்எம் விஞ்ஞானிகளும் ஜெர்மனி, அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2016-ல் இதை விளக்கினார்கள்.

தீவனத்தில் ஈரம் போக மிஞ்சும் உலர்பொருள் ஒரு கிலோவுக்கு 60 முதல் 80 மில்லிகிராம் போதும். நாளைக்கு 20 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை கிராம். பெருவயிற்றுக்குள் போன சில மணி நேரத்தில் அது சிதைந்துவிடும். கறவை மாடுகளில் சராசரியாக 30 சதவீதம் மீத்தேன் குறைவதாகப் பல நாட்டுச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நெதர்லாந்தில் பிரீஸ்லாந்துகாம்பினா கூட்டுறவின் பண்ணைகளில் சுமார் 20,000 மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது 28 சதவீதம் குறைந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, சாதாரணப் பண்ணையில் இவ்வளவு குறைவது சின்ன விஷயமில்லை.

2021-ல் பிரேசிலும் சிலியும் முதலில் அனுமதி கொடுத்தன. 2022 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம், 2023 டிசம்பரில் பிரிட்டன், 2024-ல் கனடாவும் அமெரிக்காவும் அனுமதித்தன.

சரி, பாதுகாப்பு? பாலைக் கொட்டியவர்கள் காட்டியது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கடிதத்தில் இருந்த ஒரு வரியை. இந்தப் பொருள் ஆண்களின் கருவளத்தைப் பாதிக்கலாம், மூச்சில் போனால் தீங்கு, கண்ணுக்கும் தோலுக்கும் எரிச்சல் தரும் என்று அதில் இருந்தது உண்மைதான். அந்த எச்சரிக்கை யாருக்கு என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். மூட்டையைப் பிரித்து அடர்த்தியான பொடியைக் கையாளும் தொழிலாளிக்கு அது. கையுறை போடு, முகமூடி போடு என்பதற்காக எழுதப்பட்டது. மாட்டின் உடலிலேயே 3-என்ஓபி சிதைந்துவிடுவதால் பாலுக்கு வருவதில்லை என்று ஐரோப்பிய, பிரிட்டிஷ் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் ஆராய்ந்து சொல்லியிருக்கின்றன. பால் குடிப்பவர் பயப்பட இதில் ஒன்றுமில்லை. பொடியை அள்ளிக் கொட்டும் கூலிக்காரரின் கையைப் பற்றி அந்த வீடியோக்காரர்கள் ஒருவரும் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மிச்சப்பட்ட சக்தி பாலாகவில்லை

பண்ணைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்விக்கு ஆரம்பத்தில் ஓர் அழகான பதில் இருந்தது. மாடு தின்னும் தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேனாகவே காற்றில் போகிறது. நன்றாகப் பராமரிக்கும் கறவை மாட்டில் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். மீத்தேனை நிறுத்தினால் அந்த ஆற்றல் பாலாகவோ சதையாகவோ மாறும், விவசாயி தானாகவே வாங்கிப் போடுவார் என்று பலரும் எதிர்பார்த்தார்கள்.

அப்படி நடக்கவில்லை. ஆர்க்கியாவின் வேலையை நிறுத்தியதும் மிஞ்சிய ஹைட்ரஜனில் ஒரு பகுதி அப்படியே ஏப்பத்தில் வெளியேறுகிறது. கிரீன்ஃபீட் கருவியே அதைக் காட்டிவிடுகிறது. இன்னொரு பகுதி புரோபியோனிக் அமிலம் உருவாகும் பாதையில் திரும்புகிறது. சில சோதனைகளில் பாலின் கொழுப்பு கொஞ்சம் கூடியது. பால் அளவு கூடியதாகச் சொல்ல முடியவில்லை. டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகச் சோதனைகளில் மாடுகள் தீனி எடுப்பதே குறைந்தது.

இந்த முழு விவகாரத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மாட்டு மருந்தாகட்டும், தாது உப்பாகட்டும், விவசாயி காசு போட்டால் பாலிலோ சினையிலோ அது திரும்பி வரும். மீத்தேன் பொடிக்குப் போட்ட காசு அவரிடம் திரும்புவதில்லை, பலன் முழுக்க ஊருக்கும் உலகத்துக்கும் போய்ச் சேர்கிறது. லிட்டருக்கு ஒரு சென்ட்தான் செலவு என்று வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்குப் பத்தாயிரம் லிட்டர் கறக்கும் மாட்டுக்கு 100 யூரோ, 200 மாட்டுப் பண்ணைக்கு 20,000 யூரோ. பால் விலை ஏறி இறங்கும் தொழிலில், சில ஆண்டுகளில் அது லாபத்தையே தின்றுவிடும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி முயன்று பார்க்கிறார்கள். பொடி கொடுத்துக் குறைத்த மீத்தேனைச் சான்றிதழாக்கி, பால் வாங்கும் நிறுவனங்களுக்கே விற்பது. ஒரு மாடு ஆண்டுக்கு, கார்பன் டை ஆக்சைடு கணக்கில், 1.2 டன் அளவுக்கு மிச்சம் பிடிக்கும் என்பது அங்கே சொல்லப்படும் கணக்கு. ஐஸ்கிரீம், சீஸ் கம்பெனிகள் தங்கள் பருவநிலை வாக்குறுதிகளைக் காப்பாற்ற இதை வாங்கும் என்பது நம்பிக்கை. கம்பெனிகள் வாக்குறுதியைத் தள்ளிப்போட்டால் சந்தை படுத்துவிடும். பிரிட்டனில் நுகர்வோர் எதிர்ப்பு வந்ததைப் பார்த்த எந்தக் கடையும் இனி பால் பாக்கெட்டில் இதைப் பெருமையாக அச்சடிக்கத் தயங்கும்.

டென்மார்க்கின் சட்டம்

சந்தைக்குக் காத்திராமல் சட்டம் போட்ட நாடு டென்மார்க். ஐந்தரை லட்சம் போலக் கறவை மாடுகள் உள்ள சிறிய நாடு, பால் பொருளும் பன்றி இறைச்சியும் ஏற்றுமதி செய்து வளர்ந்த நாடு. 50 மாட்டுக்கு மேல் உள்ள பண்ணைகள் 2025 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 80 நாள் போவேர் கொடுக்க வேண்டும், அல்லது தீவனத்தில் கொழுப்பைக் கூட்ட வேண்டும் என்று விதித்தார்கள். இயற்கை வேளாண் பண்ணைகளுக்கு விலக்கு. செலவுக்கு அரசு மானியமும் உண்டு. முதலாண்டு என்பதால் பெரும்பாலான விவசாயிகள் கடைசி வரை தள்ளிப்போட்டு, 80 நாள் கணக்கு சரியாக வரும்படி அக்டோபர் மாதம் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள்.

சில வாரங்களில் புகார்கள் குவிந்தன. மாடு தீனி எடுக்க மறுக்கிறது, கழிச்சல், பால் வற்றுகிறது, சில மாடுகள் படுத்துவிட்டன. நிறுத்தியதும் சரியானது என்று பலர் சொன்னார்கள். கால்நடை நலனுக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் விவசாயி பொடியை நிறுத்திக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்திடம் ஆராயச் சொன்னார்கள். பக்கத்து நார்வேயிலும் முன்னெச்சரிக்கையாக நிறுத்தி வைத்தார்கள். தயாரிப்பு நிறுவனம், இதுவரை உலகம் முழுக்கக் கொடுத்த மாடுகளில் இப்படி வரவில்லை, காரணம் வேறாக இருக்கலாம் என்றது. அக்டோபர் என்பது அங்கே புது அறுவடைத் தீவனத்துக்கு மாறும் பருவம் என்பதும் உண்மை.

பொடிதான் காரணமா, இல்லையா என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது சரியில்லை. ஆனால் திட்டம் வகுத்த விதத்தில் தவறு தெளிவாகத் தெரிகிறது. பெருவயிற்று நுண்ணுயிர்கள் எந்தத் தீவன மாற்றத்துக்கும் பழகச் சில வாரம் எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுப்பதுதான் மாட்டுக்காரர் வழக்கம். 80 நாள் என்று ஒரு வரம்பைக் கட்டி, நாட்டில் உள்ள மந்தைகளையெல்லாம் ஒரே மாதத்தில் முழு அளவுக்குத் தள்ளினால், நல்ல பொருளுக்கும் கெட்ட பெயர்தான் வரும். அதே நாட்டில் 2030 முதல் கால்நடை வாயுக்களுக்கு வரியும் வருகிறது. கார்பன் டை ஆக்சைடு கணக்கில் டன்னுக்கு 300 குரோனர் (டென்மார்க் நாணயம்), வரிக்கழிவு போக விவசாயி கட்டுவது 120. பொடியை நம்பி அந்த வரியைச் சமாளிக்கலாம் என்று நினைத்தவர்கள் இப்போது தீவனத்தில் கொழுப்பைக் கூட்டும் வழியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கடுகு இனத்து ரேப் விதை போன்ற எண்ணெய் வித்துகளைச் சேர்த்தாலே மீத்தேன் ஓரளவு குறையும், கொழுப்பு நொதிக்காது என்பதால். அளவு மீறினால் நார்ச்சத்துச் செரிமானம் கெடும்.

கடல்பாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு பால் பண்ணைக்காரர், கரை ஒதுங்கிய பாசியைத் தின்ற தன் மாடுகள் மற்றவற்றைவிட நன்றாக இருப்பதைக் கவனித்ததில் தொடங்கிய ஆராய்ச்சி அது. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ அஸ்பரகாப்சிஸ் என்ற சிவப்புப் பாசியைக் கண்டெடுத்தது. கலிபோர்னியாவில் காளைகளுக்குக் கொடுத்தபோது 80 சதவீதம் வரை மீத்தேன் குறைந்தது. ஆனால் வேலை செய்வது அதில் உள்ள புரோமோபார்ம் என்ற பொருள். புற்றுநோய் தரலாம் என்ற சந்தேகப் பட்டியலில் இருப்பது, காயவைத்துச் சேமித்தால் ஆவியாகிவிடுவது. கறவை மாடுகளுக்கு அளவைக் கூட்டியபோது தீனியும் பாலும் குறைந்தன. ராமேஸ்வரம், மண்டபம் கடற்கரையில் நம் பெண்கள் வளர்க்கும் கப்பாபைகஸ் வேறு இனம். அதிலிருந்து எடுப்பது காராஜீனன் என்ற, உணவைக் கெட்டியாக்கும் பொருள். மீத்தேனைக் குறைக்கும் சரக்கு அதில் இல்லை. அந்தப் பாசியை மாட்டுக்குக் கொடுத்தால் போதும் என்று சுற்றும் தகவல்களை நம்ப வேண்டாம்.

நம் தொழுவத்துக்கு இது பொருந்துமா?

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19 கோடிக்கு மேல் மாடுகளும் 11 கோடிக்கு நெருக்கமாக எருமைகளும் இருக்கின்றன. 2023-24-ல் கறந்த பால் சுமார் 23.9 கோடி டன். 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்று 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உருவான உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை. ஏழை விவசாயியின் பிழைப்பிலிருந்து வரும் வாயுவையும் ஆடம்பரத்திலிருந்து வரும் வாயுவையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது அரசின் வாதம். நியாயமான வாதம்தான். அதற்காக நம் மாட்டு மீத்தேனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று ஆகிவிடாது.

டென்மார்க்கில் மாடு வெளியே போவதே குறைவு. மக்காச்சோளத்தட்டைச் சைலேஜ் (காற்றுப் புகாமல் பதப்படுத்திய பசுந்தீவனம்), புல், தானியம், புண்ணாக்கு எல்லாவற்றையும் பெரிய கலவை வண்டியில் போட்டு அரைத்துத் தொட்டியில் கொட்டுகிறார்கள். மாடு நாள் முழுக்கத் தின்னும் ஒவ்வொரு வாயிலும் பொடி இருக்கும். நம் ஊரில் இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் காலையில் கறக்கும் நேரத்தில் தவிடும் புண்ணாக்கும் தண்ணீரில் கலக்கி வைப்பார்கள். பகலில் வரப்பு, தரிசு, ஏரிக்கரை மேய்ச்சல். ராத்திரிக்கு வைக்கோல். காலைக் கலக்கலில் போட்ட 3-என்ஓபி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். மீத்தேன் அதிகம் உருவாகும் வைக்கோல் நேரத்தில் வயிற்றில் மருந்து இருக்காது. தீவனத்தில் நார்ச்சத்து கூடக்கூட இந்தப் பொருளின் வீரியம் குறைவதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அயர்லாந்தும் நியூசிலாந்தும் மேய்ச்சல் மாடுகளுக்காக, வயிற்றுக்குள் தங்கி மெல்லக் கரையும் வடிவத்தைத் தேடிக்கொண்டிருப்பது இதே காரணத்தால்தான்.

பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் வேறு பக்கமாக யோசித்தது. டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைந்த தாவரப் பொருட்களிலிருந்து ‘ஹரித் தாரா’ என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கினார்கள். 17 முதல் 20 சதவீதம் வரை மீத்தேனைக் குறைக்கும் என்றார்கள். 2021-ல் சொல்லப்பட்ட விலை கிலோ 6 ரூபாய். அதற்கு முன்பே புளியங்கொட்டைத் தோலை வைத்து அங்கே சோதனைகள் நடந்திருக்கின்றன. புளியங்கொட்டை மாவு ஆலைகளில் கழிவாகக் கிடக்கும் பொருள் அது. டானின் அளவு மிஞ்சினால் துவர்ப்பில் மாடு தின்னாது, புரதமும் செரிக்காது. அளவறிந்து கலக்க வேண்டும். ஐரோப்பியப் பொடியைப் போல 30 சதவீதம் வராது. ஆனால் உள்ளூர்ச் சரக்கு, உள்ளூர் விலை. இதற்கு வந்த கவனம் போதாது என்பது என் எண்ணம்.

அதைவிடப் பெரிய வழி ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. தேசிய பால்வள வாரியம் 2012 முதல் 2019 வரை தேசிய பால் திட்டத்தின் முதல் கட்டத்தில், 28 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்குச் சரிவிகிதத் தீவன ஆலோசனை கொடுத்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவர் தொழுவத்துக்கு வருவார். மாட்டின் நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளந்து எடை கணிப்பார், பாலின் அளவையும் கொழுப்பையும் குறிப்பார், வீட்டில் என்ன தீவனம் இருக்கிறது என்று கேட்பார். எல்லாவற்றையும் கணினியில் போட்டால், தவிட்டை இவ்வளவு குறை, தாது உப்பு இவ்வளவு சேர், பசுந்தீவனம் இவ்வளவு கொடு என்று ஒரு சீட்டு வரும். தீவனச் செலவு குறைந்தது, பால் கொஞ்சம் கூடியது, லிட்டருக்கான மீத்தேன் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. விவசாயி இதை மீத்தேனுக்காகச் செய்யவில்லை. அவர் பையில் நாளைக்குச் சில ரூபாய் மிஞ்சியது, அதனால் செய்தார்.

இதன் காரணம் எளிது. நாளைக்கு மூன்று, நாலு லிட்டர் கறக்கும் நாட்டு மாடும் முப்பது லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீனும், உயிரோடு இருக்க மட்டுமே ஒரு பங்கு தீவனத்தைச் செலவழிக்கின்றன. அந்தப் பங்கிலிருந்து வரும் மீத்தேனுக்கு எதிரே பால் ஒரு துளியும் இல்லை. டென்மார்க் மாடு நம் மாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு மீத்தேன் விடும், பாலோ ஏறக்குறைய பத்து மடங்கு. சினை பிடிக்காமல் மாதக்கணக்கில் நிற்கும் மாடு, நாலு வயது தாண்டியும் தலைச்சன் ஈனாத கிடேரி, மடிநோயில் ஒரு காம்பு போன மாடு, இவையெல்லாம் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டுதான் இருக்கும். நேரத்துக்குச் சினை ஊசி, தாது உப்பு, குடற்புழு நீக்கம், மடிநோய்க்கு உடனடி வைத்தியம் எல்லாமே மீத்தேன் வைத்தியமும்தான். ஒன்றை மறைக்கக் கூடாது: லிட்டருக்கு மீத்தேன் குறைந்தாலும், மாடுகளின் எண்ணிக்கையும் பாலும் ஏறிக்கொண்டே போனால் நாட்டின் மொத்தக் கணக்கு குறையாது. அந்த இடத்தில்தான் தீவனச் சேர்க்கைக்கு நம் ஊரிலும் வேலை வரும்.

அப்போது அதை மாட்டுக்காரரின் வீட்டு வாசலில் தனிப் பொட்டலமாக விற்கக் கூடாது. கூட்டுறவு ஒன்றியங்களின் தீவன ஆலைகளில் தயாராகும் குச்சித் தீவனத்திலேயே சேர்த்து, கூடுதல் செலவை அரசோ பால் வாங்கும் நிறுவனங்களோ ஏற்க வேண்டும். சங்கத்தில் மூட்டை வாங்கும் விவசாயிக்கு விலை பழையபடியே இருக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாச் சங்கத்துக்கும் அனுப்பாமல், ஓர் ஒன்றியத்தில் ஒரு ஈற்றுக் காலம் முழுக்கக் கொடுத்து, தீனி, பால், சினை மூன்றையும் கால்நடை மருத்துவர்கள் பதிவு செய்த பிறகே அடுத்த ஒன்றியத்துக்குப் போக வேண்டும்.